எட்டுப் புள்ளி மிச்சம்

மெர்சலின் காட்டிய படத்தில்
கடல் நட்டுக்குத்தலாக நிற்கிறது.
சுவரேறும் பல்லி மாதிரி
மூக்கை மேலே தூக்கியிருக்கிறது படகு.
இடப்பக்கம் முழுக்க வானம்,
வலப்பக்கம் தங்கச்சிமடத்து மணல்.

"நம்பர் தெரியலைன்னு
மூணாவது தடவையா திருப்பி விட்டுட்டாங்கக்கா."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடைசி நாலு எண்ணில் இரண்டாவது
எட்டா, ஆறா,
பூஜ்யத்தின் மேல் காக்கை எச்சமா?

மகன் ஒருமுறை திருப்பிச் சேமித்திருக்கிறான்.
சங்கத்துச் செயலாளர் இன்னொரு பக்கம்.
யாரோ தலைகீழாக்கி, யாரோ நிமிர்த்தி,
சேமி, சேமி, சேமி.
ஐஸ் இறக்கி
மறுபடி ஐஸ் போட்டு
மறுபடி இறக்கிய மீனுக்குக்
கண் எப்படி இருக்கும்?
அப்படி இருந்தது அந்த எண்.

படகு அக்கரையில் கிடக்கிறது.
காற்று கச்சானுக்கு மாறி இரண்டு மாதம்.
அது இவளுடையதுதான் என்று சொல்ல
இக்கரையில் இந்த ஒரு படம்.

"முதல்ல எடுத்த போன் எங்க?"

மறுநாள் வந்தாள்,
மாத்திரை அட்டை வாங்கிய காகித உறைக்குள்
நகத்தளவு மெமரி கார்டு.
டெரிக்கின் போனில் இருந்ததாம்.
டெரிக், கூடப் பிறந்த தம்பி.
படகோடு போனவன்;
மற்ற மூவரோடு திரும்பி வராதவன்.

கார்டில் படம் பச்சையாக இருந்தது, பிடித்த மீன் போல.
பெயின்ட் காயாத எண்கள்.
எட்டேதான். சந்தேகமே இல்லை.
ஆனால் கடல் இதிலும் நின்றுகொண்டுதான் இருந்தது.

நான் வைத்திருக்கும் மென்பொருள்
படத்தை அவிழ்த்துப் பார்க்காது.
கட்டம் கட்டமாக, இருந்த மேனிக்கே தூக்கும்,
கால்சுற்றுத் திருப்பும்,
உரிய இடத்தில் வைக்கும்.
பெட்டியைத் திறக்காமலே
சரக்கை லாரி மாற்றுகிற வேலை.
ஒரு செதில்கூட உதிராது.

கட்டளை கொடுத்தேன்.
ஒரு கேள்வி கேட்டது.
பதினாறு பதினாறாக நறுக்கினால்
மூவாயிரம் புள்ளியில் எட்டு மிஞ்சுகிறதாம்.
அரைக் கட்டம், திருப்பினால் உட்காராது.
அடி ஓரத்தை வெட்டிவிடவா?

எட்டுப் புள்ளிதானே, யாருக்குத் தெரியும்,
வெட்டப் போனவள்
எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஓரத்தைப் பெரிதாக்கினேன்.
செம்பழுப்பாக ஒரு தீற்றல்.
துரு என்று நினைத்தேன்.

மெர்சலின் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.
"அது அவன் விரல்க்கா.
எந்தப் படம் எடுத்தாலும்
லென்ஸ் ஓரத்துல விரலை வெச்சிருவான்.
என் கல்யாணப் படத்துல பாதியில
இந்த விரல் இருக்கு."

கரண்ட் போயிற்று.
ஜெராக்ஸ் மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கியது.
யூபிஎஸ் கீச்சிடும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்
வெட்டு வேண்டாம் என்று அழுத்தினேன்.

வேறொரு வழி இருக்கிறது, சோம்பேறி வழி.
படத்தைத் தொடவே தேவையில்லை.
கோப்பின் தலைமாட்டில் ஒரு சின்ன எண்,
எந்தப் பக்கம் மேல் என்பதற்கு.
ஒன்று என்றிருந்ததை ஆறு ஆக்கினேன்.
அவ்வளவுதான்.
என் திரையில் கடல் படுத்துக்கொண்டது.
படகு அலைமேல் உட்கார்ந்தது.
இடது ஓரத்தில் விரல்,
எட்டுப் புள்ளி அகலத்தில்.

காசு வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.
வாங்கினேன், பத்து ரூபாய்.
அவள் சும்மா வாங்கிப் போகிறவள் இல்லை.

ராமேஸ்வரத்து அலுவலகத்தில்
கிழட்டுக் கம்ப்யூட்டராம்.
தலைமாட்டு எண்ணைப் படிக்கத் தெரியாதது.
அங்கே கடல் மறுபடி எழுந்து நின்றுவிட்டதாம்.
எனக்குப் போன் போடலாமென்று
அவள் கை பைக்குள் போயிருக்கிறது.

அதற்குள் அந்தக் கிளார்க்
கண்ணாடியை ஏற்றிவிட்டு
கழுத்தை இடத்தோளில் சாய்த்து
நாலு எண்ணையும்
ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து
நோட்டில் எழுதினாராம்.
எதிரே மெர்சலினும்
தன்னையறியாமல் சாய்ந்தாளாம்.

எழுதி முடித்துவிட்டுத்
திரையின் அடி ஓரத்தை விரலால் தேய்த்தாராம்,
"இது என்னம்மா அழுக்கு?"

"அழுக்கில்ல சார்."